ஊர் என்றொரு கட்டம்

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடைக்குப் புது சிம் ஒன்று பதியப் போயிருந்தேன். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, அங்கு வேலை செய்கிற பிள்ளை என் அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

“அங்கிள், டேட்டாபேசோட கனெக்ட் ஆகுதில்லை. கொஞ்சம் இருங்கோ, கோவிக்காதேங்கோ.”

எனக்கு எங்கே கோபம் வரப்போகிறது? சிரிப்புத்தான் வந்தது. கூடவே மூக்கில் மண்ணெண்ணெய்ப் புகை மணத்தது. கடைக்குள் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. மணம் வந்தது மல்லாவியில் இருந்து, தொண்ணூறுகளின் பின்பாதியில் இருந்து.

அப்போது போரும் பொருளாதாரத் தடையும்; வன்னியில் பெற்றோல் என்பது மருந்துபோல அளந்து பாவிக்கிற சாமான். மோட்டார் சைக்கிள்காரர் சின்னப் போத்தலில் கொஞ்சம் வைத்திருப்பார். நாலு சொட்டு விட்டு உதைத்துக் கிளப்பி, ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். எங்கள் அலுவலக ஜெனரேற்றருக்கும் அதே சாப்பாடுதான். அதைப் பார்த்துக்கொண்டவர் கந்தசாமி அண்ணை. கிளிநொச்சியில் நெல் ஆலை எஞ்சினோடு காலம் கழித்தவர். “எஞ்சினும் மாப்பிளையும் ஒண்டுதான் தம்பி. முதல்ல நல்லதாக் குடுத்துக் கிளப்போணும். பிறகு குடுக்கிறதைக் குடிச்சுக்கொண்டு ஓடும்” என்பார். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை எஞ்சின் ஓடும். எங்களுக்குக் கணினி யுகம் என்பது அந்த இரண்டு மணித்தியாலந்தான்.

அலுவலகம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில், ஒரு மேசை, அதில் ஒரு கணினி, மழை ஒழுகினால் இழுத்து மூடப் பொலித்தீன். கிளிநொச்சிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து மரத்துக்கு மரம் இருந்த காலம் அது. எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று பதிவதுதான் எங்கள் வேலை. படிவத்தில் கட்டங்கள் கீறிக் கொடுத்தவன் நான். சைக்கிளில் போய் நிரப்பி வந்து, அக்சஸ் என்ற டேட்டாபேசில் ஏற்றுகிறவ யோகக்கா. பிரச்சினை என்னவென்றால், ஏற்றியது ஏற்றியபடி கிடந்தது. யாராவது வந்து “எங்கட ஆக்கள் எங்க இருக்கினம்?” என்று கேட்டால், யோகக்கா ஆயிரக்கணக்கான வரிகளை உருட்டிக்கொண்டு போவா. பாதியில் எஞ்சின் நின்றுவிடும்.

அப்படிக் கேட்டு வந்தவ இராசம்மா. மலைநாட்டில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, எழுபதுகளின் இனக் கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சி பாரதிபுரத்தில் வந்து குடியேறியவ. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று சாமான்களோடு அவ உழவு இயந்திரத்தில் ஏறிவிட்டா. மகள் மல்லிகாவும் மருமகனும் சைக்கிளில் பின்னால் வந்தவர்கள், எங்கேயோ வேறு றோட்டில் திரும்பிவிட்டார்கள். மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். தலைப்பிள்ளை. பிள்ளை பிறக்க முதல் தான் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவவின் ஒரே கதை. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்க வந்து வாசலில் குந்திவிடுவா.

“தம்பி, இந்தப் பொட்டி இன்னிக்காவது பேசுமாங்க?”

பேச வைக்கிறேன் என்று நான்தான் வாய் கொடுத்தேன். பெயரையும் ஊரையும் தட்டினால் இருக்கிற இடத்தைக் காட்டுகிற ஒரு புரோகிராம். என்னுடைய தகுதி என்ன என்று கேட்கிறீர்களா? கொழும்பில் இருந்து எப்படியோ வந்து சேர்ந்த, விசுவல் பேசிக் என்ற கணினி மொழிப் புத்தகமொன்றின் போட்டோக்கொப்பி. அதிலும் டேட்டாபேசோடு இணைப்பது பற்றிய பக்கங்கள் மங்கிப்போய்க் கிடந்தன. ஆனால் விசுவல் பேசிக் என்னைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்த சாமான். திரையில் ஒரு பெட்டியை இழுத்துப் போடலாம், ஒரு பொத்தானை இழுத்துப் போடலாம். குசினியில் சட்டி பானை அடுக்குவது போலத்தான். டேட்டாபேசை இணைப்பதற்கும் அப்படி ஒரு சாமான் இருந்தது. அதை இழுத்துப் போட்டு, எங்கள் பட்டியல் இருந்த கோப்பின் பெயரை எழுதிவிட்டு ஓட விட்டேன்.

கோப்பைக் காணவில்லை என்றது. அடுத்த நாளும் காணவில்லை என்றது. ஒரு கிழமைக்கு மேல் இந்த நாடகம். கண்ணுக்கு முன்னால் இருக்கிற கோப்பைக் காணவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? கடைசியில் யோகக்காதான் எட்டிப் பார்த்தா.

“நீ என்ன எழுதி வச்சிருக்கிறாய் அதுக்கு?”

“கோப்பின்ர பேர்.”

“பேரை மட்டும் சொன்னா அது எங்கயெண்டு போய்த் தேடும்? கந்தசாமியைக் கூட்டிக்கொண்டு வா எண்டா, எந்தக் கந்தசாமி, எந்த ஒழுங்கை எண்டு கேக்காதோ?”

நியாயந்தான். எந்த டிஸ்க், அதில் எந்த போல்டர் என்று முழு விலாசமும் எழுதினேன். ஓட விட்டேன். வெறுமையாகக் கிடந்த பெட்டிக்குள் ஒரு பெயர் வந்து நின்றது. பட்டியலின் முதல் ஆள், முன்பின் தெரியாத யாரோ ஒரு செல்லையா. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல நான் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இராசம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினோம். மல்லிகா என்று தட்டினேன். பாரதிபுரம் என்று தட்டினேன். பொத்தானை அமத்தினேன்.

ஒருவரும் இல்லை.

மருமகனுடைய ஊரைச் சொல்லச் சொன்னேன். அவர் உருத்திரபுரம். அதையும் தட்டினேன். அங்கும் ஒருவரும் இல்லை. “இல்லையம்மா” என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை நான் அவ்வளவு சுளுவாகச் சொல்லியிருக்கக் கூடாது. இராசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, திரையையே பார்த்தா. வெளியில் இருந்து கந்தசாமி அண்ணையின் குரல்: “தம்பி, எண்ணெய் முடியப் போகுது. கால் மணித்தியாலந்தான்!”

யோகக்கா என் முதுகில் தட்டினா.

“விசரா, படிவத்தில ‘ஊர்’ எண்டுதானே கட்டம் கீறினனீ? ஊர் எண்டு கேட்டா ஆர் பாரதிபுரம் எண்டு சொல்லுவினம்? என்னைக் கேட்டாலே நான் கரவெட்டி எண்டெல்லோ சொல்லுவன்!”

யோகக்கா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் ஒரு நாள் படுத்தெழும்பியவ இல்லை. தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் குளத்துப் பாசனக் காணி கிடைத்து வன்னிக்கு வந்த பிறகு, உருத்திரபுரத்து வயலுக்கு நடுவில் பிறந்தவ. ஆனாலும் ஊர் கரவெட்டி. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அப்பாவின் ஊரைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் சனத்துக்கு குடியிருந்த இடம் வேறு, ஊர் வேறு. இது தெரிந்துகொண்டே இரண்டுக்குமாக ஒற்றைக் கட்டம் கீறிய மேதை நான். ஊரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தேடும்படி மாற்றலாந்தான். ஆனால் பாடுபட்டு ஓட வைத்ததைத் தொட்டால் திரும்ப ஓடுமோ என்று பயம்.

“அம்மா, உங்கட ஊர் என்ன?” என்றா யோகக்கா.

“பசறைங்க. ஆனா அவ அங்கிட்டுப் போனதே இல்லீங்களே. இங்கதானே பொறந்தா.”

மல்லிகா. பசறை. அமத்தினேன்.

ஒரே ஒரு வரி வந்தது. மல்லிகா, கணவன் பெயர், ஆட்கள் இரண்டு. இருக்கும் இடம் வற்றாப்பளை.

யோகக்கா சத்தமாக வாசித்தா. இராசம்மா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. பிறகு மெல்லச் சொன்னா: “நான் பொறந்த எடத்தச் சொல்லிருக்கா பாருங்க. கழுத, நான் பசறைக் கதை சொன்னா காதப் பொத்திக்குவா.” அழுதுகொண்டே சிரித்தா. அதற்குள் எஞ்சின் நின்றது. திரை இருண்டது. அவ அதைக் கவனிக்கவே இல்லை; பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டா.

“வற்றாப்பளைன்னா அம்மன் கோயில் பக்கந்தானுங்களே? எந்தப் பக்கமாப் போகணும்?”

“எணை, பொறணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்று கந்தசாமி அண்ணை கத்தினார். அவ எங்கே நின்றா?

மூன்று கிழமை கழித்து முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த ஒருவர் கையில் இராசம்மா அனுப்பிய துண்டுக் கடிதம் வந்தது. பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். யோகக்கா எஞ்சின் வரும்வரை காத்திருந்து, மல்லிகாவின் வரியைத் தேடி எடுத்து, ஆட்கள் இரண்டு என்றதை அழித்து நான்கு என்று போட்டா. அதற்கும் நாங்கள் மூவரும் சுற்றி நின்று பார்த்தோம்.

அந்தக் கொட்டில் இப்போது இல்லை. அடுத்த இடப்பெயர்வில் கணினி எங்கேயோ போனது. பட்டியல் இருந்த பிளொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்தோம். பிறகு போய்க் கிண்டியபோது இடத்தையே காணவில்லை. அதற்குப் பின் காணாமல் போனோர் பட்டியல்கள் எத்தனையோ வந்தன, பெரிய பெரிய கணினிகளில். முழு விலாசமும் கொடுத்துவிட்டு இன்னும் விடைக்குக் காத்திருக்கிற ஆட்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களைக் காணும்போது நான் இந்தக் கதையைச் சொல்வதில்லை. உங்களுக்குச் சொல்லலாம்: தேடிய பிள்ளை கிடைத்து, ஒரு குடும்பத்தின் கட்டத்தில் இரண்டு நான்காகக் கூடியதை இந்தக் கண்ணால் கண்டவன் நான்.