பதினோரு மணிச் செய்தி

அந்த மருத்துவமனையில் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிப்பவளுக்கு ‘அடித்தள அக்கா’ என்று பட்டப்பெயர். எந்தக் கணினி பேசாமல் போனாலும் முதலில் ஒயரைத்தான் தொட்டுப் பார்ப்பாள். ஒயர் சரியென்றால் இணைப்புப் பெட்டி, பிறகு முகவரி, பிறகு செய்தி முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பது. மனிதர்கள் பார்க்கும் திரைக்குக் கடைசியில்தான் வருவாள்.

“ஒயர், பெட்டி, முகவரின்னு ஒவ்வொண்ணும் ஒரு அடுக்கு. ஒரு அடுக்கோட வேலை இன்னொண்ணுக்குத் தெரியாது. ஒயருக்கு என்ன, நல்ல சேதியும் ஒண்ணுதான், சாவுச் சேதியும் ஒண்ணுதான்” என்பாள்.

ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவள் திரையில் ஒரு வரி வந்தது.

“அக்கா, சாப்ட்டியா?”

அந்த நேரத்தில் அப்படிக் கேட்பவன் ஒருவன்தான். அதே மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் வேலை பார்த்த அவள் தம்பி. விபத்தில் அவன் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

மறுநாளும் அதே நேரம், அதே வரி. யாரிடமும் மூச்சு விடாமல் அடியிலிருந்து தேடினாள். இணைப்புப் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. முகவரி தம்பியின் கணினியுடையது. சோதனைக்கு ஒரு செய்தி அனுப்பியதும் அது பதில் சொன்னது. எல்லா அடுக்கும் ஒழுங்காகத்தான் இருந்தன.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். பழைய பதிவேட்டு அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

“இங்க யாரும் வர்றதில்லையேம்மா” என்றபடி காவலாளி திறந்துவிட்டார்.

தூசி படிந்த மேசையடியில் கணினி உறுமிக்கொண்டிருந்தது. ஞாயிறன்று கட்டடத்துக்கு மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தபோது தானாக விழித்திருக்கிறது. தினமும் பதினொன்றுக்கு அந்த வரியை அனுப்பும்படி தம்பி அதில் எழுதி வைத்திருந்தான். அவன் கேட்டதாக அவள் நம்பிய நாட்களில், எத்தனை நாள் இந்தப் பெட்டி கேட்டதோ?

“சோம்பேறிப் பயலே” என்றாள். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

இருக்கைக்குத் திரும்பி, “இன்னும் இல்லடா” என்று தட்டி அனுப்பினாள். ‘சேர்ந்துவிட்டது’ என்றது திரை. பொய்யில்லை. தம்பியின் கணினி வரை சேர்ந்திருந்தது. அதற்கு மேல் படிக்க ஆளில்லை.

சாயங்காலம் அவளே போய் ஒயரைப் பிடுங்கினாள்.

அதற்குப் பிறகு பதினொன்று அடிக்கப் போகிறதென்றால் இருக்கையை விட்டு எழுந்து, கால் மணி நேரம் நடைக்கூடத்தில் நின்றுவிட்டு வருவாள். அக்காவுக்குப் புதிதாகக் காபிப் பழக்கம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.