பிரபு பெயரில் ஆடிய ஸ்டாப்பர்

சனிக்கிழமை காலை 5.40. கோயம்பேட்டிலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகக் கும்பகோணம் போகும் பேருந்தில் பின்பக்கம் இரண்டு இடம் கிடைத்தது. நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு ஆளுக்கு நூற்று இருபது ரூபாய். ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் அன்பழகன், பத்தொன்பது வயது, எங்கள் சென்னைக் கால்பந்து கிளப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறித்துப் பந்தைப் பிடுங்குகிறவன். நான் அதே கிளப்பின் உதவிப் பயிற்சியாளன். ஊர் பார்க்கும் ஆசையில் கிளம்பவில்லை. கோபத்தில் கிளம்பினேன், திரும்பும்போது அது இரண்டு மடங்காகியிருந்தது.

காரணம் ஒரு புகைப்படம். வியாழக்கிழமை எங்கள் மேனேஜர் பழைய போட்டி மலர் ஒன்றை என் முன்னால் போட்டார். நெய்வேலி அணி ஒன்று கோப்பையோடு நிற்கிறது. இடமிருந்து மூன்றாவது ஆள் அன்பழகன். கீழே அச்சாகியிருந்த பெயரோ பிரபு. மேனேஜர் இரண்டு வழி சொன்னார். ஆடியது இவன்தான் என்று அந்த அணியின் செயலாளர் எழுதிக் கொடுத்தால், அங்கே ஆடிய வருடங்களைக் கணக்கில் எடுத்து முதல் அணியில் சேர்ப்பார். இல்லையென்றால், படத்தில் இருப்பது நான் இல்லை, இதற்கு முன் எங்கும் ஆடியதில்லை என்று அன்பழகன் எழுதித் தரவேண்டும். புதுமுகமாக ரிசர்வ் அணியில் ஒரு வருடம் உட்காரவேண்டும். திங்கள் மாலைக்குள் ஏதாவது ஒரு காகிதம் மேஜைக்கு வந்தாக வேண்டும்.

நான் பதினைந்து வருடம் கோல்கீப்பராக நின்றவன். எனக்கு முன்னால் நிற்கும் ஸ்டாப்பரின் முதுகைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன். இவன் முதுகு திரும்பிப் பார்க்காத முதுகு. பின்னால் எவன் வருகிறான் என்று காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வான். ரிசர்வ் பெஞ்சில் உட்கார வைக்கிற ஆள் இல்லை.

8.30, விழுப்புரம். டீ பத்து ரூபாய், வெந்நீரில் சர்க்கரை. கேட்டே விட்டேன்.

"ஏண்டா, அடுத்தவன் பேர்ல ஏன் ஆடினே?"

"டீம்ல குவார்ட்டர்ஸ் பசங்க மட்டும்தான் ஆடணும் சார். சுரங்கத்துல பர்மனென்ட்டா இருக்கறவங்க பசங்க. எங்கப்பா கான்ட்ராக்ட். நாங்க மந்தாரக்குப்பத்துல வாடகை வூடு. செக்ரெட்டரி எங்க ஊர் கிரவுண்டுல நான் ஆடிக்கினு இருந்தத பாத்துட்டு, எம் பையன் பேர்ல வந்து ஆடுன்னாரு."

"அவர் பையன் ஆடலையா?"

"அவனுக்கு வீசிங் சார். ஓட முடியாது."

பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை இவன் வாங்கிய உதை, தைத்த தையல், தூக்கிய கோப்பை எல்லாம் ஓட முடியாத இன்னொருவன் பெயரில் போயிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தான். நான் என் டீயைக் கீழே கொட்டிவிட்டு எழுந்தேன்.

10.20, ஆர்ச் கேட். பண்ருட்டியில் இருபது ரூபாய்க்கு வாங்கிய பலாச்சுளைப் பொட்டலத்தை அவன் காலி செய்திருந்தான். குடியிருப்புக்குள் போக எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினோம். வளைவைத் தாண்டியதும் வேறு தேசம் மாதிரி இருந்தது. நேர் கோடு போட்ட சாலைகள், இருபுறமும் வேம்பு, ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒவ்வொரு பிளாக்குக்கும் மைதானம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்தார்.

"இன்னா பிரபு, மெட்ராஸ்லயா இருக்கிற?"

"ஆமாண்ணே" என்றான் அன்பழகன்.

"சார், இவன் ஆட்டத்த பாத்திருக்கீங்களா? பைனல்ல கீப்பரு வெளிய வந்துட்டாரு. இவன் லைன்ல நின்னு நெஞ்சால எடுத்தான். நானு வண்டிய நிறுத்திட்டு பாத்துக்கினு இருந்தேன்."

அவர் "பிரபு" என்று கூப்பிட்டபோது இவன் கூசாமல் திரும்பினான். எங்கள் மைதானத்தில் "அன்பு" என்று நான் மூன்று தரம் கத்தினால்தான் திரும்புவான். காலடிச் சத்தம் கேட்கிற காதுக்கு இது மட்டும் ஏன் கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறேன். சாட்சி சொல்ல ஊரே இருக்கிறது, ஆனால் ஊருக்கு இவன் பெயர் தெரியாது.

11 மணி. செயலாளர் தணிகாசலம் வீடு. முன்னறையில் மூன்று சான்றிதழ்கள், கண்ணாடி போட்டு, சந்தனப் பொட்டு வைத்து மாட்டியிருந்தன. மூன்றிலும் சிறந்த பின்கள வீரர், மூன்றிலும் பிரபு. அந்தப் பிரபுவே தண்ணீர் கொண்டுவந்தான். மெலிந்த பையன், விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான். விளையாட்டுக் கோட்டாவில் என்ஜினீயரிங் படிக்கிறானாம். எந்தச் சான்றிதழைக் காட்டி இடம் வாங்கினான் என்று நான் கேட்கவில்லை, சுவரிலேயே இருந்தது.

தணிகாசலம் மரியாதையான மனிதர். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, நான் வந்த காரணத்தை முழுக்கக் கேட்டார்.

"எழுதிக் குடுத்தா கோப்பை போகும், அது பரவாயில்ல சார். என் பையன் சீட்டும் போயிடுமே. உங்க பையனுக்கு ஆட்டம் இருக்கு, எங்க போனாலும் ஆடிக்குவான். என் பையனுக்கு அந்தப் பேப்பர்தான் இருக்கு."

"அந்தப் பேப்பர் இவனோடது."

"பேர் யாரோடது சார்?"

பிரபு சுவரோரம் நின்றபடி, "எழுதிக் குடுத்துடுப்பா" என்றான்.

"நீ உள்ள போ" என்றார் அவர். பிறகு என்னிடம், குரல் உயராமல், "இவங்க அப்பா வேலை செய்யுற கான்ட்ராக்டர் எனக்கு ரொம்ப வேண்டியவர். இதுவரைக்கும் ஒரு கஷ்டமும் வராம பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

அந்தச் சான்றிதழ்களில் ஒன்றைச் சுவரிலிருந்து பிடுங்கி அவர் தலையில் உடைக்கவேண்டும் என்றுதான் எழுந்தேன். அன்பழகன் என் முழங்கையைப் பிடித்தான். ஆட்டத்தில் எதிரியைத் தடுக்கிற அதே பிடி.

1.30, மந்தாரக்குப்பம். நகரப் பேருந்தில் ஆளுக்கு ஐந்து ரூபாய். மரங்கள் முடிந்து புழுதி தொடங்கியது. தகரம் வேய்ந்த ஒற்றை அறை வீட்டில் கரண்ட் இல்லை. வாசலில் நின்றால் மின்நிலையத்துப் புகைபோக்கி தெரிகிறது, உள்ளே விசிறி நிற்கிறது. நாடு முழுக்க வெளிச்சம் அனுப்புகிற ஊரில் நான் பனைவிசிறியால் விசிறிக்கொண்டு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன். குழம்பு அருமை, அதையும் சொல்ல வேண்டும்.

அவன் அப்பா கலியபெருமாள் காலை ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டடியில் கொட்டும் மண்ணை வாருகிற வேலை. பதினாறு வருடமாகக் கான்ட்ராக்ட். கோபத்தை அவர்மேல் இறக்கினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

"பெத்த புள்ள பேரை எப்படிங்க தூக்கிக் குடுத்தீங்க?"

"பையன ஆட உட்டா என்ன பர்மனென்ட் பண்ணிடுறன்னாருங்க அந்த செக்ரெட்டரி. பர்மனென்ட்டாயிட்டா நாங்களும் குவார்ட்டர்ஸுக்குப் பூடுவோம். அப்புறம் அவன் அவம் பேர்லயே ஆடலாமேன்னு நெனச்சன். அவரால அதெல்லாம் முடியாதுன்னு அப்ப தெரியலீங்க."

மகன் சொந்தப் பெயரில் ஆடவேண்டும் என்றுதான் மகன் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

"நீங்க எங்கயும் எழுதிப் போட்ராதீங்க சார். அடுத்த மாசம் கான்ட்ராக்டு புதுப்பிக்கிறாங்க" என்றார் கிளம்பும்போது.

மாலை 4.15, ஆர்ச் கேட். சென்னைப் பேருந்தில் வழியெல்லாம் எனக்குள் ஒரு புகார் மனு எழுதிக்கொண்டே வந்தேன். சென்னையில் எங்கள் பெரம்பூரிலும் பொய் உண்டு. வயதைக் குறைத்து ஆடுவார்கள், நானே பல் எண்ணிப் பார்த்துத் துரத்தியிருக்கிறேன். ஆனால் வயதைத் திருடுகிறவன் தன் வயதைத்தான் திருடுகிறான். இங்கே கேட் போட்டு, பிளாக் பிரித்து, கேட்டுக்கு வெளியே இருப்பவனுக்குக் கால் மட்டும் போதும், பெயர் எதற்கு என்று வைத்திருக்கிறார்கள். எழுதினால் கலியபெருமாளின் வேலை போகும். எழுதாவிட்டால் இவன் வருடம் போகும்.

பண்ருட்டி தாண்டியதும் அன்பழகன் மேனேஜர் கொடுத்து என் பையிலிருந்த படிவத்தைக் கேட்டு வாங்கினான். என் பையையே மேஜையாக மடியில் வைத்துக்கொண்டான்.

"வேணாண்டா, நாளைக்கு யோசிப்போம்."

"அப்பாவுக்கு வேல வேணும் சார்."

'முன்பு ஆடிய அணிகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். அதற்குக் கீழே, பேருந்து குலுங்கும்போதெல்லாம் பேனாவைத் தூக்கித் தூக்கி, 'படத்தில் இருப்பது நான் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுத்து நன்றாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவன் சொந்தப் பெயரில் கொடுத்த முதல் கால்பந்துக் காகிதம் அது.

"சார், சாட்சி போடணுமாம்."

அவன் நெஞ்சால் பந்தெடுத்ததை ஆட்டோக்காரர் சொல்லக் கேட்டவன் நான். அந்தச் சுவரைப் பார்த்தவன் நான். காலை முதல் ஊரையே திட்டிக்கொண்டு வந்தவனும் நான்தான். பேனாவை வாங்கி, படத்தில் இருப்பவன் இவன் இல்லை என்பதற்குச் சாட்சியாக, இனிஷியலோடு என் முழுப் பெயரை எழுதினேன்.