கருவாட்டுக் கரையும் கமலா அக்காவின் ஆட்சேபனையும்

கமலா அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் ரோசலின். திரியாயில் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இருந்தேன். தொலைபேசியை எடுத்ததும், "அண்ணை, தலைவி மோசம் போயிட்டா. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முந்தியே..." என்றார்.  இலையை மடித்துவிட்டு எழும்பிவிட்டேன். எங்கள் கரையில் கருவாடு போடுகிற ரோசலினும், எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியான அக்காவும் ஒரு காலம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தவர்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் குரலைக் கேட்டு நான் அப்படி உடைந்துபோனேன்.

தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றபின் அக்கா சங்கத்துக்குத் தலைவியானார். நான் செயலாளர். கோபம் வந்தால் அவருக்குச் சத்தம் குறையும், எனக்குக் கூடும். ஒரு சங்கத்துக்கு இரண்டும் வேண்டும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். அக்கா தொய்வுக்காரி, ஆஸ்துமா. மூச்சுக்கு இழுக்கிற பம்ப் எப்போதும் கைப்பையில் இருக்கும். கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால் அதை வெளியே எடுத்து மேசையில் வைப்பார். மூச்சு முட்டுகிறதென்று நினைத்துப் பேசுகிறவர் பதறி நிறுத்திவிடுவார். அக்கா அதை இழுக்கவே மாட்டார்.

ஊரில் எது நடந்தாலும் நாங்கள் மகஜர், அதாவது கூட்டு மனு, எழுதுகிற ஆட்கள். முன்பு ஒருமுறை, தெருவில் அலையும் மாடுகளைப் பற்றிப் பிரதேச சபை ஓர் உபவிதி, ஊருக்கான ஒரு சட்டம், கொண்டுவரப் பார்த்தபோது, ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி, கைநாட்டும் வைப்பித்து, சபைத் தலைவரான தவிசாளரின் கையில் கொடுத்துப் படமும் பிடித்துக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, சபைக் கோப்பில் அது வெறும் ஒரேயொரு ஆட்சேபனையாகப் பதியப்பட்டிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு மனிதர் தன்பாட்டில் எழுதிப்போட்ட அரைப் பக்கத்துக்கும் அதே மதிப்பு. நான் கொதித்தேன். அக்கா மெல்லிய குரலில், "அந்த மனிசன் தன்ர வாசலிலை நடந்ததை எழுதியிருக்கிறார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒருத்தற்றை வாசலையும் எழுதேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கடற்கரை உபவிதி. கரையோரமாக விருந்தினர் விடுதிகள் முளைத்திருந்தன. குடியிருப்புகளை அண்டிய கரையில் மீன் உலர்த்தக் கூடாது என்று வரைவில் ஒரு பிரிவு இருந்தது. கணவனை இழந்த ரோசலினின் அடுப்பு எரிவதே கருவாட்டால்தான். அவரைப் போல இன்னும் பல வீடுகள். எல்லோரும் என்னிடம் ஓடிவந்து, "அண்ணை, ஒரு மகஜர் எழுதுங்கோ" என்றார்கள். நான் பேனாவைத் திறந்தேவிட்டேன். அக்கா விடவில்லை. சபைக்குப் போய் வரைவைக் கேட்டு வாங்கிவந்து, அந்தப் பிரிவைப் பெண்களுக்கு உரக்க வாசித்தார். பிறகு ஒவ்வொருவரையும், விளங்கியதைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்லவைத்தார். "வேண்டாம் எண்டதோட நிக்காதேங்கோ. அதுக்குப் பதிலா என்ன இருக்கவேணும் எண்டும் சொல்லுங்கோ" என்பது அவருடைய ஓயாத பாட்டு.

சபை கருத்துக் கேட்கக் குறித்த நேரமோ காலை. வள்ளங்கள் கரைக்கு வந்து பெண்கள் மீன் வெட்டுகிற நேரம் அது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு சபைக் கந்தோருக்குப் போனார். அங்கிருந்த உத்தியோகத்தரிடம், "தம்பி, இந்த நேரத்திலை வைச்சா என்னைப்போல பென்சன்காரர்தான் வருவினம். எங்களைக் கேட்டு என்ன செய்யப்போறியள்?" என்றார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டார். மேலதிகாரிகளிடம் கதைத்து, கூட்டத்தைப் பின்னேரத்துக்கு, கரைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வாசிகசாலைக்கே மாற்றித் தந்தார். இதைக் கேட்கலாம் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்று வாசிகசாலை நிறைந்துவிட்டது. விடுதிக்காரரும் வந்திருந்தார்கள். முதலில் எழும்பியவர் அக்கா. எங்களுக்காக வெளுத்து வாங்கப்போகிறார் என்று நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "என்ர வீடு கரைக்கு முன்னாலை. எனக்குத் தொய்வு. கருவாடு காயிற நாளிலை என்னாலை யன்னல் திறக்க ஏலாது. அந்த மணம் எனக்கு மூச்சு வருத்தம் தருது. ஆனா இந்தப் பிள்ளையளின்ர பிழைப்பை நிப்பாட்டுறது அதுக்கு மருந்தில்லை. ரெண்டையும் வைச்சு ஒரு விதி எழுதுங்கோ."

 ரோசலினின் முகம் சிவந்துவிட்டது. எழும்பி, "எங்கட தலைவியே இப்பிடிச் சொன்னா நாங்கள் ஆரிட்டைப் போறது? மணம் இருக்குத்தான், இல்லையெண்டு ஆர் சொன்னது? நாங்கள் மணலிலை போடாமல் உயரப் பரண் கட்டிப் போடுறம். வடக்குப் பக்கம், வீடில்லாத இடத்துக்குத் தள்ளிப் போறம். மீன் கழுவின தண்ணியைக் கரையிலை ஊத்தமாட்டம். அதுக்கு மேலை என்ன செய்யச் சொல்லுறியள்?" என்று கேட்டார். கோபத்தில்தான் கேட்டார். ஆனால் உத்தியோகத்தர் தலையைக் குனிந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். உபவிதி இறுதியாக வந்தபோது தடை இல்லை. பரண், வடக்குப் பக்கம், கழுவிய தண்ணீர் என்று ரோசலின் சொன்னவையே நிபந்தனைகளாக இருந்தன.

வென்ற பிறகும் ரோசலின் அக்காவுடன் கதைக்கவில்லை. எனக்கும் மனத்தாங்கல்தான். "அக்கா, மணத்தைப் பற்றி வாய் திறக்காமல் விட்டிருக்கலாமே" என்று கேட்டேன். "விடுதிக்காரர் மணக்குது எண்டு சொல்லேக்கை நான் இல்லையெண்டு இருந்தா, பிறகு ரோசலினுக்குப் பசிக்குது எண்டு நான் சொல்லுறதை ஆர் நம்புவினம்?" என்றார்.  

அவர்கள் எப்போது ராசியானார்கள் என்று எனக்குத் தெரியாது. மாரி நாளொன்றில் அக்காவின் குசினியில் ரோசலின் தேத்தண்ணி ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் வந்துவிட்டேன். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோவில் அக்காவை மடியில் தாங்கிக்கொண்டிருந்தவரும் ரோசலின்தான்.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவன்று, அக்கா வீட்டில் நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் வழக்கம்போல் அக்காவைப் புகழ்ந்து தள்ளினேன். பிறகு ரோசலின் எழும்பினார். "அக்கான்ர மூச்சைப் பிடிச்சதிலை எங்கட கருவாட்டுக்கும் பங்கு இருக்கு. தள்ளிப் போட்டும் காத்து மணத்தைக் கொண்டுதான் வந்தது. அது எனக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எங்களுக்காக நிண்டவ. நாளைக்கும் நான் கருவாடு போடத்தான் வேணும். இதைச் சொல்லாமல் அழ எனக்கு ஏலாது" என்றார்.

 என் புகழ்ச்சி முழுவதும் எனக்கே வெட்கமாகப் போனது. தனக்குப் பாதகமான உண்மையையும் சேர்த்தே சொல்லிவிட்டுத் தன் நியாயத்தைக் கேட்பது: அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இதைத்தான். எனக்கு அது இன்னும் கைவரவில்லை. ரோசலினுக்கு வந்துவிட்டது.