அம்மாவுக்குப் பின்னால் என்ன இருந்தது

அந்தக் கமராவை வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் முன்னரே அதனால் பொலிஸ் ஸ்டேஷன் வரை போய் வந்துவிட்டேன். இரண்டாம் உலக யுத்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. கொட்டாஞ்சேனையில் அப்பா அம்மாவுடன் இருந்துகொண்டு, வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை.

அதுவரை நான் படம் எடுத்ததெல்லாம் சிநேகிதி ஒருத்தியின் பெட்டிக் கமராவில்தான். அதில் ஆளுக்குக் கிட்டப் போனால்தான் முகம் தெரியும். கிட்டப் போனால் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, வாயை இறுக்கிக்கொண்டு, செத்த வீட்டில் நிற்பவர் போல நிற்பார். எங்கள் ஒழுங்கையில் அவரைப் போலச் சிரிப்பவர் இல்லை. ஆனால் அவர் சிரித்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. தூர நின்று எடுக்க ஒரு லென்ஸ் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்படித்தான் வந்தது.

புறக்கோட்டையில் பழைய மணிக்கூடும் கமராவும் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் இரண்டு கமராக்களை என் முன்னால் வைத்தார். ஒன்று மடித்து வைக்கக்கூடியது. லென்ஸ் அதிலேயே பொருத்தியிருந்தது. மற்றது ஜெர்மனியில் செய்தது. கைக்குள் அடங்கும் உடம்பு, கழற்றி மாட்டுவதற்குக் குட்டையாக ஒன்றும் நீளமாக ஒன்றுமாக இரண்டு லென்ஸ்கள்.

"மடிக்கிறது லேசு டீச்சர். புதுசாப் பழகிறவங்களுக்கு அது போதும்," என்றார். "இதுல ரெண்டு லென்ஸ் ஈக்கிது. எது வேணும், எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், எல்லாம் நீங்கதான் பாக்கோணும்."

லென்ஸைத் திருகிக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருண்ட ஓட்டை. இதையெல்லாம் எப்போது பழகப் போகிறேன் என்று நினைத்தேன். ஆனாலும் அதைத் திருப்பி வைக்க மனம் வரவில்லை.

"எதை எடுக்கிறதெண்டு தெரியேல்லை நானா."

"அப்ப இதக் கொண்டுபோய்ப் பாருங்க. சரிவராட்டித் திங்கக்கிழம வந்து மத்தத எடுங்க." ஒரு பிலிம் சுருளும் போட்டுத் தந்தார்.

சனிக்கிழமை காலை அம்மா பின்வளவில் பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்தபடி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் மேல்மாடி ஜன்னலில் நின்றேன். முதலில் குட்டை லென்ஸால் ஏழு படம் எடுத்தேன். பிறகு நீள லென்ஸை மாட்டினேன். அதற்கே கால் மணித்தியாலம் பிடித்தது. அம்மா எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அமத்தினேன். இன்னொரு முறையும் அமத்தினேன்.

"பிள்ளை, உது என்ன கையில?"

கீழே, வளவின் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் விமானத் தாக்குதல் காவலுக்கு நின்ற வார்டன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். மேலே வந்து கமராவை வாங்கிப் பார்த்த பொலிஸ்காரர், இது ஜெர்மன் சாமானா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றேன். அவர் கமராவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

பொலிஸ் ஸ்டேஷனுக்கு அப்பாவும் வந்தார். இன்ஸ்பெக்டர் பிலிமைக் கழுவுவதற்குப் பக்கத்து ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டு எங்களை வாங்கில் இருத்தினார்.

"எந்தப் பக்கம் பாத்து எடுத்தனீ?" அப்பா மெதுவாகக் கேட்டார்.

"அம்மாவை அப்பா."

"அம்மாவுக்குப் பின்னால என்ன இருந்தது?"

 கமராவில் கண் வைத்துப் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நான் அம்மாவின் முகத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. எங்கள் பின்மதிலுக்கு அப்பால் நிலம் துறைமுகத்தை நோக்கி இறங்குகிறது. யுத்தக் கப்பல்கள் அங்கே எந்நாளும் நின்றன. எந்நாளும் பார்த்ததால் அவை என் கண்ணில் படாமலே போயிருந்தன.

"என்ர துறைமுகப் பாஸைப் பறிச்சாங்களெண்டா வேலை போச்சு," என்றார் அப்பா. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

கமரா எங்கிருந்து வந்தது என்று இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார். முதல் முறை நான் வாய் திறக்கவில்லை. ஒரு பிலிமையும் சேர்த்து நம்பித் தந்த மனிதரைக் காட்டிக்கொடுப்பதா என்று இருந்தது. இரண்டாம் முறை அப்பாவின் முழங்கை என் விலாவில் பட்டது. கடை இருக்கும் தெருவைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு மேல்தான் பிலிம் வந்தது. இன்ஸ்பெக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முதல் ஏழும் புகைபோல வெறும் மங்கல்.

"குட்டை லென்ஸை வெளியே இழுத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். அதுகூடத் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தெரியாது என்றேன். கமரா பிடிக்கத் தெரியாதவளை யார் உளவாளி என்பார்கள்? அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார்.

நீள லென்ஸால் எடுத்த முதல் படத்தில் அம்மாவும் மதிலும் மட்டும். அடுத்ததில் மதிலுக்கு மேலே மெல்லிய கோடுகளாகக் கப்பல்களின் கொடிமரங்கள் சில, ஒரு புகைபோக்கி. இன்ஸ்பெக்டர் லாச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அந்தத் துண்டை வெட்டினார். மிச்சத்தையும் கமராவையும் குட்டை லென்ஸையும் என்னிடம் தந்தார். நீள லென்ஸைத் தரவில்லை.

"யுத்தம் முடிந்ததும் வந்து கேளுங்கள்."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் ஸ்டூலைத் தள்ளி வைத்தார்.

"ரெண்டு பேர் வந்தாங்க டீச்சர். சாமான் வாங்கின ரசீது ஈந்திச்சி, காட்டினேன், போயிட்டாங்க."

"நான்தான் உங்கட கடையைச் சொன்னனான்."

"சொல்லாம என்ன செய்யிற? ஹார்பர் பக்கம் எடுக்க வாணாமெண்டு நான் சொல்லியிருக்கோணும்." மடிப்புக் கமராவை முன்னால் நகர்த்தினார். "இத எடுங்க. கரச்சல் இல்ல."

எடுத்துப் பார்த்தேன். நல்ல கமராதான். ஆனால் பிலிம் துண்டில் அம்மாவின் பல்வரிசை தெரிந்ததை நான் பார்த்துவிட்டேன். ஒரு லென்ஸ் பொலிஸில் இருக்க, ஜெர்மன் கமராவையே வாங்கினேன். குட்டை லென்ஸை எப்படி இழுத்துப் பூட்டுவது என்று அவர் மூன்று முறை செய்து காட்டினார்.

அப்பாவின் பாஸைப் பறிக்கவில்லை. ஆனால் அடுத்த சில மாதம் துறைமுக வாசலில் அவருடைய பையை மட்டும் தினமும் அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதை வார்டனின் மனைவி சொல்லித்தான் அறிந்தோம். அப்பாவிடம் கேட்டபோது, "சோத்துப் பாசல்தானே, பாத்திட்டுப் போகட்டும்," என்றார்.

யுத்தம் முடிந்து நான் லென்ஸைக் கேட்கப் போனபோது அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். வேறொருவர் அலுமாரியில் தேடி எடுத்துத் தந்தார். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதை மாட்டி எடுத்தால் வெயில் படும் இடமெல்லாம் பால் ஊற்றியதுபோல் வரும். வேறு வாங்க வழியில்லாததால் அம்மாவைத் தூர நின்று எடுக்கப் பல வருடம் அதையே பாவித்தேன்.