தலையாட்டும் கிரீடம்

“…அப்புறம் இருமு இருமுங்கிற. நூல் நிக்கும், துணிதான் கிழியும்னு சொன்னது யாரு மாப்ள? நீதானே?”

இரண்டாவது டிஸ்க்கை விரலில் பிடித்துக்கொண்டு டிவிக்கு முன்னால் குந்தியிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், ஈசூனில் இருக்கும் அவர்கள் வீட்டு சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தலையணை. யாரோ கொடுத்துவிட்டுப் போன பார்சலைத் தொடுவதுபோல அதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் மூச்சு இரைத்தது. நெஞ்சுக்குள் களகளவென்று ஒரு சத்தம். மூன்றடி தள்ளியிருந்த எனக்கே கேட்டது.

ஆமாம், நான்தான் சொன்னேன்.

தேக்கா மார்க்கெட் மாடியில் தையல் கடை வைத்திருப்பவன் நான். படிப்பு உயர்நிலை இரண்டோடு சரி. மீதியையெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். “மூச்சு விட இடம் வச்சுத் தைங்கண்ணே, சிரிக்கிறதுக்கு வேணாம்” என்று ரவிக்கைக்கு அளவு கொடுத்த ஒரு அம்மா சொன்னதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கேட்டதைச் சொல்வேன். சொல்ல ஒன்றும் அகப்படாவிட்டால் நானே ஒன்றைக் கட்டிச் சொல்வேன்.

மச்சானுக்கு பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான் ஆயிற்று. சட்டைப் பொத்தானைக் கழற்றி, நடு நெஞ்சில் மேலிருந்து கீழாக ஓடிய கோட்டைக் காட்டினார். உள்ளே எலும்பைப் பிளந்து கம்பியால் கட்டி, மேலே தைத்திருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கடையில் செய்வதுபோல் குனிந்து பார்த்து, “வேலை சுத்தம் மச்சான். ஆனா ஒண்ணு, இழுத்து இறுக்கித் தச்சா நூல் நிக்கும், துணிதான் கிழியும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அதன் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

இருமியும் பார்க்கவில்லை. தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு தினமும் பல தடவை இரும வேண்டும், சளி நுரையீரலில் தங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா கேட்டால் இருமியாச்சு என்பார். இருமல் தொண்டைவரை ஏறி வரும்போது கண்ணை இறுக மூடி, அப்படியே விழுங்கிவிடுவார். அக்காவுக்கு செங்காங்கில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. லீவு தீர்ந்துவிட்டது. பகலில் கடையைச் சாத்திவிட்டு நான் வந்து கூட இருப்பதாக ஏற்பாடு. மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அவர் விழுங்குவது எனக்குப் புரிந்தது.

அன்று காலை மச்சானுக்குக் காய்ச்சல் முப்பத்தேழு புள்ளி எட்டு. கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே, அங்கிள் ஒழுங்காக இருமுகிறாரா என்பதுதான். இருமாமல் விட்டால் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விடும், முப்பத்தெட்டைத் தொட்டாலோ மூச்சு முட்டினாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார். தையல் பிரிந்துவிடாதா என்று கேட்டேன். தலையணையை அணைத்துக்கொண்டு இருமினால் ஒன்றும் ஆகாது என்றார்.

மச்சானிடம் அப்படியே சொன்னேன்.

“அந்தப் பொண்ணு துணி தைக்குமா?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. ராஜா காலத்தைக் கிண்டல் செய்யும் பழைய படம். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய விசிடி, இரண்டு டிஸ்க். அப்பாவின் கிரீடத்தை மாட்டிக்கொண்ட பயந்தாங்கொள்ளி ராஜா ஒருவன். கிரீடம் ஒரு சைஸ் பெரிது. அவன் கட்டளை போடும்போதெல்லாம் அது இறங்கிக் கண்ணை மறைத்துவிடும், தூணைப் பார்த்து உறுமுவான். தீபாவளிக்குத் தீபாவளி அதைப் போட்டுப் பார்ப்போம். மச்சான் சிரித்துச் சிரித்துக் கடைசியில் இருமாமல் எழுந்ததே கிடையாது. அதைத்தான் நம்பினேன்.

முதல் டிஸ்க் முழுக்க ஓடியது. ஒரு சிரிப்பு இல்லை. ஒவ்வொரு கூத்தும் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். அது வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே முகத்தைத் திருப்பி ஃபேனைப் பார்த்தார். நான் படத்தைப் பார்க்கவே இல்லை, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காமலே இருந்துவிடுவாரோ என்று பயம். உதடு லேசாக அசைந்தால், ஐயோ சிரித்துவிடப் போகிறாரே என்று அதைவிடப் பயம். நர்ஸ் சொன்னது புத்திக்கு எட்டியது, கைக்கு எட்டவில்லை. தையலோரம் கிழிந்து வந்த ரவிக்கைகள் எத்தனையோ பார்த்த கை.

டிஸ்க் மாற்ற எழுந்தபோதுதான், படம் வேண்டாம், இருமி விடுங்கள் மச்சான் என்று கெஞ்சினேன். அதற்குத்தான் அவர், சொன்னது யாரு மாப்ள என்று கேட்டார்.

“அது துணிக்குச் சொன்னது மச்சான்” என்றேன். “துணி செத்தது, தானா ஒட்டாது. உங்க தோலு தூங்குறப்பகூடத் தன்னைத்தானே தச்சுக்கிட்டிருக்கு. எனக்கு நெஞ்சைப் பத்தி என்ன தெரியும்? வாய் சும்மா இருக்காம சொல்லிட்டேன் லா.”

அவர் என்னைப் பார்த்துவிட்டு, டிஸ்க்கைப் போடு என்பதுபோல் தாடையை அசைத்தார். போட்டேன்.

எதிரி ராஜா கோட்டைக்குள் வந்துவிடுகிறான். நம் ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான், கிரீடம் மட்டும் மேலே தெரிகிறது. எதிரி அந்தக் கிரீடத்துக்கு வணக்கம் வைக்கிறான். கிரீடம் பதிலுக்குத் தலையாட்டுகிறது. எங்கள் டிஸ்க்கில் சரியாக அந்த இடத்தில் ஒரு கீறல். கிரீடம் தலையாட்டும், மறுபடி ஆட்டும், யாராவது எழுந்துபோய் பிளேயரைத் தட்டும்வரை ஆட்டிக்கொண்டே இருக்கும். கீறலை நான் மறந்தே போயிருந்தேன். தட்டுவதற்கு எழுந்தேன். அவர் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

அவர் தோள் குலுங்கியது. ஃபேனைப் பார்த்தார், பயனில்லை. தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்தினார். சிரிப்பு கிளம்பி, பாதி வழியில் இருமலாக மாறி வெளியே வந்தது. ஒரே ஒரு இருமல். முகம் வெளுத்துவிட்டது.

சட்டைக்குள் கையை விட்டார். கடையில் தைத்து முடித்ததும் நான் தையலை ஓட்டிப் பார்ப்பதுபோல், மேலிருந்து கீழ்வரை ஒரு விரலால் மெதுவாகத் தடவினார். கையை வெளியே எடுத்து விரலைப் பார்த்தார். டிவியில் கிரீடம் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அவர் தலையணையை மறுபடி இறுக்கிக்கொண்டு, முன்னைவிடப் பலமாக இருமினார்.