கொழும்புக்கு ஒரு கட்டுச்சோறு

கொழும்பில் எங்கள் கம்பெனியில் அடுத்த மேசைக்காரர் ஒரு சிங்களவர். நான் சேர்ந்த வாரமே, "உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?" என்று ஆபீஸ் இங்கிலீஷில் கேட்டார். "ஒரு கட்டுச்சோறு" என்றேன். பாவமாகப் பார்த்தவர், மத்தியானம் எனக்கு ஒரு பணிஸ், நம்மூர் பன், வாங்கி வைத்தார். பசியில் கேட்கிறான் என்று நினைத்துவிட்டார் மனிதர். இங்கே தூரத்தை மைலில் சொல்கிறார்கள். வழியில் எத்தனை வேளைச் சோறு வேண்டும் என்று கணக்குச் சொல்வது திருநெல்வேலிச் சீமையோடு நின்றுவிட்டது போலும்.

அந்தக் கணக்கில்தான் என் கலியாணமும் ஊசலாடியது. பாளையங்கோட்டையில் எனக்குப் பார்த்த பெண் எஸ்தர். அவள் அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். மூத்த மகளைப் பாபநாசம் பக்கம் கொடுத்திருந்தார். அப்போது அந்தப் பக்கம் ரயில் இல்லை. மாட்டுவண்டியில் இரண்டு கட்டுச்சோற்று வழி. அவள் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் வீட்டுப்படி ஏறினாள். இளையவளையும் தூரத்தில் கொடுப்பதில்லை என்று வாத்தியார் பிடிவாதமாக இருந்தார்.

"பாபநாசத்தைவிடக் கொழும்பு கிட்டதான் சார்வாள். காலைல ரயில், சாயங்காலம் கப்பல், மறுநா விடியக் கொழும்பு. ஒரே கட்டுச்சோறு" என்றேன்.

"எல்லாரும் தூரம்னுல்லா சொல்லுதாவ. நானே வந்து பாத்துட்டுத்தான் ஓலை வாசிக்கச் சொல்லுவேன் தம்பி."

வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கு இன்னார் என்று ஓலை வாசித்தால்தான் எங்களுக்குக் கலியாணம். நான் கொழும்பு திரும்பினேன். வருகிற தேதியை அவர் எழுதியிருந்தார். அன்று காலை ஜெட்டியில் நின்றேன், ஆளைக் காணோம். மறுநாளும் காணோம். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. கொள்ளைநோய்க்குப் பயந்து, மூன்றாம் வகுப்புக்காரர்களைத் தூத்துக்குடிப் பக்கம் முகாமில் வைத்திருந்துதான் கப்பல் ஏற்றுவார்கள். அது தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் என்று அவர் நினைத்திருப்பார். நானோ கம்பெனிச் சீட்டைக் காட்டிவிட்டு நேரே கப்பல் ஏறுகிறவன், அவரிடம் சொல்ல அடியோடு மறந்துவிட்டேன். எஸ்தர் எனக்கில்லை என்றே முடிவுகட்டினேன்.

ஏழாம் நாள் காலித் தூக்குவாளியோடு இறங்கினார்.

"ஒரு கட்டுச்சோத்த நம்பிக் கெளம்புனேன் தம்பி. ஆறு நாளு கஞ்சி ஊத்துனானுவ."

"தப்பு என்மேலதான் சார்வாள்" என்றேன்.

அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். "இங்கனருந்து ஊருக்குப் போவவும் முகாம் உண்டா?"

"இல்ல. சாயங்காலம் ஏறுனா மறுநா மத்தியானம் பாளையங்கோட்டை."

"அப்பம் சரி. நான் இங்க வர எத்தன நாளானா என்ன? எம் மக வீட்டுக்கு வர ஒரு கட்டுச்சோறுதான, மாப்ள?"

தம்பி மாப்பிள்ளையாகிவிட்டதை உணர எனக்குச் சற்று நேரமாயிற்று. அவர் ஊர் திரும்பிய முதல் ஞாயிறே ஓலை வாசித்தார்கள்.

இப்போது ஊருக்குக் கிளம்பும்போது எஸ்தர் ஒரு வேளைக்குத்தான் கட்டுகிறாள். திரும்பும்போது அவள் அம்மா முறுக்கும் கருப்பட்டியுமாக ஒரு வாரத்துக்குக் கட்டித் தருகிறார். கம்பெனிச் சீட்டு எனக்கு மட்டும்தான். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் முகாமில் தங்கிவிடுகிறேன். கடல் தாண்டியவர்கள் பலருக்கும் அந்த முகாம் வேலி தெரிந்திருக்கும். போன தடவை அதனருகே உட்கார்ந்து முறுக்கைப் பிட்டுக் கொடுத்தபடி, "நம்ம வீட்டுக்கு எப்பம் போவோம்?" என்றாள்.

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.