பசியைக் கடைசியாக விசாரிக்கிறவள்

குழந்தை வீறிட்டு அழுதால் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள், மோலீனா உட்காருகிறாள். தரையில் சம்மணம் போட்டு, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, தாயிடம் சொல்கிறாள்: "அழுகைக்கு நாலு காரணம் இருக்கும்மா. ஈரமா, தூக்கமா, சலிப்பா பாருங்க. பசியக் கடைசியா விசாரிங்க." அதற்குள் தாயின் கை பால் பாட்டிலை எடுத்திருக்கும். இவள் அதைப் பிடுங்குவதில்லை. "இருக்கட்டும், கையிலயே வச்சிருங்க" என்பாள்.

வீட்டிலும் இதே விசாரணைதான். வேலை முடிந்து வந்து நான் குளிர்பெட்டியைத் திறந்தால் முதுகுக்குப் பின்னால் குரல் வரும். "அக்கா, பசியா, சலிப்பா?"

"ரெண்டும்தான். தள்ளு."

மோலீனா என் கடைசித் தங்கை. அமெரிக்காவின் ஸ்பிரிங்டேலுக்கு வந்த எங்கள் மார்ஷல் தீவுக்காரர்களில் பாதிப் பேர் கோழித் தொழிற்சாலையில் எலும்பு நீக்குகிறோம். அவள் மட்டும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வீடு வீடாகப் போகிறாள். வசதியற்ற வீடுகளில் தாயும் பிள்ளையும் அளவுக்கு மீறிப் பருக்காமல் பார்ப்பது வேலை. அட்டையின் கயிறு முறுக்கிக்கொண்டால் நான்தான் நேராக்கி அனுப்புகிறேன். ஆனால் அங்கே என்னதான் செய்கிறாள் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. "புள்ள விளையாடறதப் பாக்குறதுக்குச் சம்பளமா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சர்க்கரை வியாதியில் கால் எடுத்தவர்களின் சக்கர நாற்காலிகளுக்காக எங்கள் சபையில் முன்வரிசை பெஞ்சையே அகற்றியிருக்கிறோம்.

எனக்குப் புரியாத இன்னொன்று, அவள் கொண்டுவரும் சாப்பாடு. வேலைக்குப் போகிற வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது அலுவலகத்தின் விதி. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பொரித்த கோழி, தேங்காய்த்துருவலில் புரட்டிய சோற்றுருண்டை, டோனட் எல்லாம் எங்கள் மேசைக்கு வந்துவிடும்.

"சாப்பிடக் கூடாதுன்னுதான் சொல்லிருக்காங்க. தூக்கிட்டு வரக்கூடாதுன்னு சொல்லல."

"ஊர இளைக்க வைக்கப் போறவ நம்மள ஊத வைக்கிறா" என்பார், இடுப்பு வாரின் கடைசித் துளைக்கு வந்துவிட்ட என் கணவர் ஆல்டன்.

சென்ற சனிக்கிழமை அவள் கார் பட்டறையில் கிடந்ததால் நான் ஓட்டிப் போனேன். நெய்லா என்ற சின்னப் பெண்ணின் வீடு. அவள் மகன் ஜோர்கனுக்குப் பத்து மாதம். தொடை மடிப்புகளில் புண் வரும் அளவுக்குப் பருத்துவிட்டதால் மருத்துவர் மோலீனாவை அனுப்பியிருந்தார். "மாசம் ரெண்டு பவுண்டு ஏறிட்டிருந்தான்க்கா. இந்த மாசம் கொஞ்சம் கொறைவா ஏறியிருந்தா நான் ஜெயிச்சேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நெய்லா என்னை வெளியே காத்திருக்க விடவில்லை. உள்ளே ஜோர்கன் தவழ்ந்து வந்து என் காலுறையை இழுத்தான். அவனுடைய கெமெமுக்கு மண்டபம் சொல்லியாகிவிட்டது. பிள்ளை ஒரு வயதைத் தாண்டிவிட்டது என்று ஊரைக் கூட்டிப் போடும் விருந்து அது. நெய்லாவின் முதல் பிள்ளை அதைப் பார்க்கவில்லை. ஏழாம் மாதத்தில் எடை ஏறுவது நின்றது, பிறகு இளைத்தது, பிறகு இல்லை.

"விருந்துக்கு வர்றவங்க இவனத் தூக்கிட்டு, இடுப்பு போச்சுன்னு சொல்லணும் மோலீனாக்கா."

"சொல்லுவாங்க. எனக்கு இப்பவே போச்சு."

"விளையாடாதீங்க. நீங்க சொன்ன மாதிரிதான் செய்யறேன். அவன் போதும்னு தலையத் திருப்புனதும் பாட்டில எடுத்துடறேன். எடுத்துட்டு, மூச்சு வருதான்னு பக்கத்துலயே உக்காந்திருக்கேன். மூத்தவனும் இப்படித்தான் தலையத் திருப்பிக்கிட்டான்."

மோலீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எலும்பு நீக்குகிறவளுக்கு என்ன தெரியும்? நான் ஜோர்கனைப் பார்த்தேன். அவன் என் காலுறையில் மும்முரமாக இருந்தான்.

பையிலிருந்து தராசை எடுத்துத் தரையில் வைத்தாள். துணி விரித்து, உடுப்பைக் களைந்து பிள்ளையைக் கிடத்தினாள். அவன் உதைத்துச் சிரித்து அடங்கியதும் எண் எரிந்தது. இருபத்தேழு பவுண்டு. போன மாதம் இருபத்தேழு என்று காரில் சொல்லியிருந்தாள். குறைவாக ஏறவில்லை; ஏறவே இல்லை. மூத்தவனுக்கும் முதலில் இப்படித்தான் நின்றது. இது ஜெயிப்பதா, வேறு ஏதாவதா?

"எவ்வளவுக்கா?" என்று கேட்டபடி நெய்லா அடுப்படியிலிருந்து வந்தாள்.

மோலீனா எரிகிற எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். நெய்லா பக்கத்தில் மண்டியிட்டு, அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கத் தொடங்கினாள். என் தங்கை தடுக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.